மூன்றாவது பெடலைத் தேடி: மேனுவல் கியர் கொண்ட பெரிய அமெரிக்கக் கார்களைக் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவில் 1960களில் ‘ஃபுல் சைஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்ட கார்கள் ஆறு பேர் தாராளமாக உட்காரக்கூடியவை. அன்றைய செவ்ரோலே இம்பாலாவிலும் ஃபோர்டு கேலக்ஸியிலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மட்டும் 119 அங்குலம், அதாவது மூன்று மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம் இருந்தது. இவ்வளவு பெரிய காரை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆட்டோமேட்டிக் கியரையே கேட்டு வாங்கினார்கள் என்பதால், கிளட்ச் பெடலோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார்கள் இன்று தேடித்தான் கிடைக்கின்றன. அப்படித் தேடுகிறவர்களுக்காக, பல ஆண்டுகளாக நானும் தேடியும் ஏமாந்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அதில் முதன்மையானது இதுதான்: ஒரு கார் பிறக்கும்போதே மேனுவலா என்பதற்குக் கடைசியாக நம்ப வேண்டிய சாட்சி அதன் கியர்பாக்ஸ். கியர்பாக்ஸை ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். அதைச் சுற்றித் தொழிற்சாலை செய்துவைத்த சிறு சிறு வேலைகளை அவ்வளவு எளிதில் போலி செய்ய முடியாது.

இவை ஏன் அரிதாயின என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் பாதி விளங்கிவிடும். ஓல்ட்ஸ்மொபில் 1940ஆம் ஆண்டு மாடலில் ஹைட்ரமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தது. 1950இல் செவ்ரோலேயில் பவர்கிளைடும், 1951இல் ஃபோர்டில் ஃபோர்டோமேட்டிக்கும் வந்தபோது விலை மலிந்த பிராண்டுகளிலும் கிளட்ச் இல்லாமல் ஓட்டும் வசதி கிடைத்துவிட்டது. அதன் பிறகும் செவ்ரோலே, ஃபோர்டு, பிளிமத் கார்களின் அடிப்படை விலையில் மேனுவல் கியர்தான் அடங்கியிருந்தது. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். ஆகவே மேனுவலோடு பெரிய கார் வாங்கியவர்கள் இரண்டே வகையினர். ஒரு காசும் கூடுதலாகச் செலவழிக்க விரும்பாதவர்கள் ஒரு வகை, வேகத்துக்காகவே வாங்கியவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரின் கார்கள் உழைத்துத் தேய்ந்து, துருப்பிடித்து, கடைசியில் கார்களை மோதவிட்டு நொறுக்கும் டெமாலிஷன் டெர்பி மைதானங்களில் பெரும் எண்ணிக்கையில் அழிந்தன. இரண்டாம் வகையினரின் கார்களிலிருந்து நான்கு கியர் பெட்டிகளைக் கழற்றி, எடை குறைந்த செவெல்களிலும் ஜிடிஓக்களிலும் பொருத்திக்கொண்டார்கள். உடல் மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

இந்த இரண்டு வகைக்கும் கியர்க் கோல் இருக்கும் இடமே வேறு. சிக்கனக்காரரின் காரில் மூன்று கியர். கோல் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். அம்பாசடர் ஓட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல. அமெரிக்கர்கள் இதை ‘த்ரீ ஆன் த ட்ரீ’ என்பார்கள். செவ்ரோலே பிஸ்கேன், பெல் ஏர், ஃபோர்டு கஸ்டம், பிளிமத் ஃப்யூரி வரிசையின் கடைநிலை மாடல் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். சிலவற்றில் இதனுடன், வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் போர்க்-வார்னர் ஓவர்டிரைவும் சேர்ந்திருக்கும். நீண்ட சாலைப் பயணத்துக்கு அது அருமையான சேர்க்கை. வேகப் பிரியரின் காரில் நான்கு கியர். கோல் தரையிலிருந்து எழும். 409 கன அங்குல எஞ்சின் கொண்ட இம்பாலா, 427 கொண்ட கேலக்ஸி, 421 கொண்ட பான்டியாக் கேட்டலினா, 1960களின் நடுவில் வந்த கேட்டலினா 2+2, பியூக் வைல்ட்கேட், 1964, 65இன் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஸ்டார் 1, 1965இன் கிரைஸ்லர் 300, 1966இன் ஃபோர்டு 7 லிட்டர் ஆகியவை இந்த வரிசையில் வரும். அந்த 7 லிட்டர் மாடலில் கூரையுள்ளதும் கூரை மடங்குவதும் சேர்த்து 11,073 கார்களே செய்யப்பட்டன. அவற்றிலும் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். 1961இன் முதல் இம்பாலா எஸ்எஸ் 453 மட்டுமே என்று பதிவு. இவற்றைத் தேடுகிறவர்கள் ஏராளம். என் சொந்த விருப்பம் எளிய பிஸ்கேன் பக்கம்தான் சாயும். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத வெற்றுக் கதவும் ரப்பர் தரைவிரிப்பும் கொண்ட காரில் நான்கு கியரைப் பார்ப்பது வேறு எதற்கும் ஈடாகாது. 1966 முதல் 1969 வரை பந்தயக்காரர்கள் சிலர் பிஸ்கேனிலேயே 427 எஞ்சினையும் நான்கு கியரையும் கேட்டு வாங்கினார்கள் என்பதால், அத்தகைய கார் கற்பனை அல்ல.

தேடலைத் தொடங்கும்போது விற்பவரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க முதியவர்கள் ‘மேனுவல்’ என்று எழுதுவது குறைவு. ‘ஸ்டாண்டர்டு’ என்றே எழுதுவார்கள். அடிப்படை விலையில் அடங்கியது என்ற பொருளில் தோன்றிய அந்தச் சொல் இன்றும் அவர்கள் வாயில் நிற்கிறது. அதன் சுருக்கமான ‘எஸ்டிடி’, ‘ஸ்டிக்’, ‘ஃபோர் ஸ்பீடு’, ‘த்ரீ ஆன் த ட்ரீ’ ஆகிய எல்லாச் சொற்களையும் தனித்தனியாகப் போட்டுத் தேட வேண்டும். இறந்துபோன தந்தையின் காரை விற்கும் பிள்ளைகளுக்குப் பல நேரம் கியர் எந்த வகை என்றே தெரியாது. விளம்பரத்தில் ஆட்டோமேட்டிக் என்று குறித்திருப்பார்கள். அதனால் எழுத்தை விடப் படத்தை நம்புங்கள். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருக்கும் ஒரு படம் போதும். ஆட்டோமேட்டிக் காரின் பிரேக் பெடல் அகலமாக, இரண்டு பாதங்களும் வைக்கத்தக்கதாக இருக்கும். மேனுவலில் ஒடுக்கமான இரண்டு ரப்பர் பெடல்கள் அருகருகே தொங்கும். படம் மங்கலாக இருந்தால், டேஷ்போர்டுக்குக் கீழே கைபேசியை நீட்டி ஒரு படம் எடுத்து அனுப்பும்படி பணிவாகக் கேளுங்கள். அதற்கே மறுக்கிறவரிடம் பயணம் போவது வீண்.

இடத்தைப் பொறுத்தவரை, சிக்கனமும் வறண்ட காற்றும் சேர்ந்த ஊர்கள் நல்லவை. நெப்ராஸ்கா, கன்சாஸ், தெற்கு, வடக்கு டகோட்டா போன்ற சமவெளி மாநிலங்களின் பண்ணைக் கொட்டகைகளில் இன்னும் எளிய கார்கள் நிற்கின்றன. 2013 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் பியர்ஸ் என்ற சிற்றூரில், மூடிவிட்ட ஒரு செவ்ரோலே விற்பனையகத்தின் உரிமையாளர் சேர்த்துவைத்திருந்த ஏறத்தாழ ஐந்நூறு வாகனங்கள் இரண்டே நாளில் ஏலம் போயின. அவற்றுள் ஒருபோதும் விற்கப்படாத புதுக் கார்களும் இருந்தன. அவ்வளவு பெரிய புதையல் மறுபடி கிடைக்குமோ கிடைக்காதோ, பண்ணை ஏல அறிவிப்புகளில் ‘பழைய செவி (செவ்ரோலே), ஓடவில்லை’ என்று ஒற்றை வரியில் வருபவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். எல்லைக்கு அப்பால் கனடாவையும் மறக்க வேண்டாம். அங்கே ஸ்ட்ராட்டோ-சீஃப், லாரன்ஷியன், பாரிசியென் என்ற பெயர்களில் விற்ற பான்டியாக்குகள் உண்மையில் செவ்ரோலே சேசிஸும் எஞ்சினும் கொண்டவை. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகும் ஆவணச் சலுகையும் உண்டு.

நேரில் போய்த் தேட விரும்பினால் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபர் மாதம் நடக்கும் பழைய கார்ச் சந்தையும், அதே மாநிலத்தின் கார்லைலில் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் சந்தைகளும் உள்ளன. அங்கே கார் கிடைக்காவிட்டாலும், பெடல் தொகுதி ஒன்றைத் தரையில் விரித்து உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் பேசினால் கார் இருக்கும் ஊர் தெரியவரும். ஒரு மாடலுக்கு உரிய உதிரிபாகத்தை வைத்திருப்பவருக்கு அந்த மாடலை வைத்திருக்கும் நால்வரையாவது தெரிந்திருக்கும். நான் கண்ட நல்ல கார்கள் எல்லாம் விளம்பரத்துக்கு வருமுன் இப்படிப் பேச்சில் வந்தவையே.

இனி காரின் முன்னால் நிற்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கைவிளக்கு, சிறு கண்ணாடி, பழைய சட்டை ஆகியவற்றோடு போங்கள். முதலில் ஓட்டுநர் பக்கம் மண்டியிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பெடல்கள் தொங்கும் இடத்தைப் பாருங்கள். கிளட்ச் பெடலுக்கு உதவியாகத் தடித்த ஸ்பிரிங் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். அது கொக்கியில் உரசிய தடமும், அங்கே படிந்த பழைய கிரீஸும், சுற்றியுள்ள தூசியின் நிறமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பெடல் பழையதாகவும் போல்ட்டுகள் மட்டும் பளபளப்பாகவும் இருந்தால் கேள்வி கேளுங்கள். அடுத்துப் பெடலிலிருந்து போகும் ராடு எஞ்சின் அறைத் தடுப்புத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடம். தொழிற்சாலை அச்சில் அடித்த துளைக்கு விளிம்பு மழமழவென்று இருக்கும்; பின்னாளில் பட்டறையில் வெட்டிய துளையில் ரம்பப் பல்லின் வடுவோ, பெயிண்ட் உரிந்து வெறும் தகடோ தெரியும். விரலை விட்டுத் தடவினாலே வேறுபாடு புரிந்துவிடும்.

பிறகு காரை நல்ல ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லி அடியில் போங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் போகாதீர்கள். எஞ்சினுக்கும் சேசிஸ் சட்டத்துக்கும் நடுவே குறுக்காக ஒரு குழாய் கிடக்கும். வளைந்த அதன் உருவத்தால் அதை ‘இசட் பார்’ என்கிறார்கள். பெடலின் அசைவைக் கிளட்ச் முள்ளுக்கு, அதாவது கிளட்சை விடுவிக்கும் ‘ஃபோர்க்’குக்குக் கடத்துவது அதுதான். அதன் ஒரு முனை எஞ்சின் பக்கம் குமிழ் போல்ட்டிலும், மறுமுனை சட்டத்தில் உள்ள பிடிப்பிலும் உட்காரும். இந்தச் சட்டப் பிடிப்பை நன்றாகப் பாருங்கள். பெரிய கார்களுக்குரிய இசட் பாரும் பிடிப்பும் செவெல், கமேரோ போன்ற சிறிய கார்களுக்குரியவற்றோடு பொருந்தாது. கமேரோவுக்கு எல்லாப் பாகமும் புதிதாக வார்த்து விற்கிறார்கள். பெரிய கார் மாடல்கள் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு முறை 1965ஆம் ஆண்டு இம்பாலா ஒன்றின் அடியில் படுத்திருந்தபோது, சட்டத்தில் பழைய கறுப்புப் பூச்சின் மேல் புதிய வெல்டிங் கொப்புளங்கள் கண்ணில் பட்டன. கியர்பாக்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் அசலான ‘மன்சி’ நான்கு கியர் பெட்டி, தேதியும் காருக்குப் பொருந்தியது, பெடலும் அசல். பிடிப்பு மட்டும் இரும்புப் பட்டையை வளைத்து யாரோ செய்தது. விற்றவருக்கே அது தெரியாது. அவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. அந்தக் கொப்புளங்களைப் பார்க்காவிட்டால் நான் அசல் விலை கொடுத்திருப்பேன்.

தரையில் கோல் உள்ள காராக இருந்தால் தரைவிரிப்பை விலக்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் நான்கு கியருக்காகத் தரைத் தகட்டின் நடுவை வெட்டி, உயர்த்திய ஒரு மேட்டைத் தொழிற்சாலையே புள்ளி வெல்டிங்கில் பொருத்தியது. சீரான இடைவெளியில் வட்டப் புள்ளிகள் தெரிந்தால் நல்லது. ரிவெட்டும் சிலிகான் பசையும் தெரிந்தால் அது பின்னாள் வேலை. ஸ்டியரிங் தண்டையும் பாருங்கள். தரைக் கோல் காரின் தண்டில் கோல் இருந்த துளையோ, அதை அடைத்த பட்டியோ இருக்கக் கூடாது. ரேடியேட்டரில் ஆட்டோமேட்டிக் எண்ணெயைக் குளிர்விக்கும் இரண்டு குழாய் முனைகள் இருந்தால் அது மேனுவல் காருக்கு உரியது அல்ல. ஆனால் ரேடியேட்டர் அறுபது ஆண்டுகளில் மாறியிருக்கக்கூடும் என்பதால் இதை ஒற்றைச் சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கியர்பாக்ஸ் கழன்று கிடக்கும் காராக இருந்தால் கிராங்க் தண்டின் பின்முனையையும் பார்த்துவிடுங்கள்: மேனுவலில் அங்கே சிறு வெண்கல புஷ் உட்கார்ந்திருக்கும், ஆட்டோமேட்டிக்குக்கென்று வந்த கிராங்குகள் சிலவற்றில் அந்தத் துளையே முழுமையாகக் குடையப்பட்டிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகுதான் கியர்பாக்ஸுக்கு வர வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி பெட்டியில் வார்ப்பு எண் பக்கவாட்டில் இருக்கும். 3851325 என்றால் 1964, 65. 3885010 என்றால் 1966, 67. 1968 முதல் காரின் வின் எண்ணின், அதாவது ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்ணின் ஒரு பகுதி பெட்டியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அது டேஷ்போர்டுத் தகட்டோடு ஒத்துப்போனால் அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டாம்.

ஆவணங்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் நிலைமை வேறு. ஃபோர்டு எளிது. 1960களின் ஃபோர்டுகளில் ஓட்டுநர் கதவில் அறைந்த தகட்டில் கியர் வகைக்கு ஒரு குறி உண்டு. 1960களின் நடுப்பகுதியில் 1 என்றால் மூன்று கியர் மேனுவல், 5 என்றால் நான்கு கியர். வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும். 1963, 64 கேலக்ஸியில் அது ‘க்யூ’ அல்லது ‘ஆர்’ என்றால் எஞ்சின் 427. அந்த எஞ்சின் அந்த ஆண்டுகளில் நான்கு கியரோடு மட்டுமே வந்தது. 1967 முதலான ஃபோர்டுகளுக்கு அரிசோனாவின் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ், ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து அறிக்கை எடுத்துத் தருகிறது. பான்டியாக்குகளுக்கு 1961 முதலான தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகல் பிஎச்எஸ் என்ற சேவையில் கிடைக்கும். எந்தக் கேட்டலினாவையும் அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கிரைஸ்லர், டாட்ஜ், பிளிமத் கார்களில் பானட்டைத் திறந்தால் உள் மட்கார்டில் சிறு தகடு இருக்கும். 1969 முதலான தகட்டில் டி 21 என்ற குறி நான்கு கியர் மேனுவலைக் குறிக்கும்.

செவ்ரோலேதான் கடினம். அமெரிக்காவில் விற்ற 1960களின் செவ்ரோலேகளுக்குக் கார் வாரியான பதிவை நிறுவனம் வைத்துக்கொள்ளவில்லை. எட்டு சிலிண்டரா ஆறு சிலிண்டரா என்பதற்கு மேல் எஞ்சின், கியர் பற்றி வின் எண்ணும் எதையும் சொல்லாது. அங்கே நமக்கு உதவுவது, காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று பட்டியலிட்டு, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் காரிலேயே விட்டுச்சென்ற கட்டுமானத் தாள். பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்திலோ, பின் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ அது மடிந்து கிடக்கும். எலி விட்டுவைத்திருந்தால் படிக்கலாம். 1965 முதல் 1972 வரையான கார்களின் உத்தரவாதக் கையேட்டில் ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில் எஞ்சின், கியர்பாக்ஸ் குறிகள் புடைப்பெழுத்தில் உள்ளன. கனடாவில் விற்ற கார் என்றால் கவலை இல்லை, ஜெனரல் மோட்டார்ஸின் கனடா பிரிவு பழைய பதிவுகளைக் காத்துவைத்து நகல் தருகிறது. தகடு, தாள், ஜன்னலில் ஒட்டிய விலைச்சீட்டு ஆகிய எல்லாவற்றையும் இன்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காகிதம் ஒன்று சொல்லி இரும்பு வேறொன்று சொன்னால் இரும்பை நம்புங்கள்.

பின்னாளில் மேனுவலாக மாற்றப்பட்ட காரை நான் குறை சொல்லவில்லை. ஓட்டி மகிழ வேண்டும் என்றால் நேர்த்தியாக மாற்றிய கார் நல்ல தேர்வுதான். மாற்றியது என்று சொல்லி, மாற்றியதற்குரிய விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவே.

ஓட்டிப் பார்க்கும்போது எது பழுது, எது இயல்பு என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய மூன்று கியர் பெட்டிகளில் முதல் கியருக்கு, பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ கிடையாது. கார் உருளும்போது முதல் கியரில் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். ஃபோர்டு 1963இலும் செவ்ரோலே 1966இலும் இதைச் சரிசெய்தன. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் கோல் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் அது தேய்மானம். பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். கிளட்சை விடும்போது கார் உதறினால் எஞ்சினின் பின் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து தட்டில் படிந்திருக்கலாம். ஸ்டியரிங் கோல் கார்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. இணைப்பு புஷ்கள் தேய்ந்துவிட்டால், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழியில் கோல் இரண்டுக்கும் நடுவே சிக்கி நின்றுவிடும். நான் ஓட்டிப் பார்த்த ஒரு பெல் ஏர் சிக்னலில் இப்படி நின்றபோது, உடன் வந்த உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர், பதறாமல் இறங்கினார். பானட்டைத் தூக்கி, ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இரண்டு நெம்புகோல்களையும் கையால் தள்ளி ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தார். கோல் விடுபட்டது. அந்த இரண்டு நெம்புகோல்களையும் அவற்றின் புஷ்களையும் எங்கே தொட வேண்டும் என்று அன்று அவர் காட்டியது இன்றும் எனக்குப் பயன்படுகிறது. இதைக் காரணம் காட்டி நல்ல காரை விட்டுவிடாதீர்கள். புஷ்களின் விலை சொற்பம்.

விட்டுவிட வேண்டிய காரணம் துருதான். 1958 முதல் 1964 வரையான பெரிய செவ்ரோலேகளின் சேசிஸ் எக்ஸ் வடிவம் கொண்டது. 1965க்குப் பிந்தைய ஃபோர்டுகளில் சட்டம் வளையும் இடங்களைக் கவனியுங்கள். சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டிய இடத்தில் சொத்தென்று ஒலித்தால், எத்தனை அரிய கியராக இருந்தாலும் அந்தக் காரை உதிரிபாகங்களுக்காக மட்டும் மதிப்பிடுங்கள்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, எதையும் கழற்றுவதற்கு முன்னால் பெடலிலிருந்து கிளட்ச் முள் வரை ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது, ராடின் திருகு எத்தனை சுற்று வெளியே நின்றது என்பதுவரை குறித்துவையுங்கள். தேய்ந்துபோன அசல் பாகத்தை மாற்றினால் பழையதைத் தூக்கி எறியாமல் சீட்டு கட்டிப் பெட்டியில் போட்டுவையுங்கள். அதே ஆண்டின் அதே மாடலை வைத்திருக்கும் வேறொருவர், அளவு எடுப்பதற்காகவாவது அதைக் கேட்டு ஒருநாள் எழுதுவார்.